லட்டு யார் கணக்கில்?

பெண் குழந்தைக்கு 'உதவி செய்' என்று சொல்லிக்கொடுக்கத் தொலைக்காட்சி தேவையில்லை. தண்ணீர் எடுத்துவர, தம்பியைப் பார்த்துக்கொள்ள, நடை பழகியதுமே வீடு அவளைப் பழக்கிவிடுகிறது. அதனால்தான் சுட்டி டிவியில் வந்த 'டோராவின் பயணங்கள்' முக்கியமாகிறது. 2000இல் அமெரிக்காவில் தொடங்கிய இத்தொடரில், ஒரு சிறுமி உதவுவதற்காக வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். எந்த வழி என்று பார்க்கும் குழந்தையைக் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கிறாள். திருட வரும் குள்ளநரியை அடிப்பதில்லை, சொல்லால் நிறுத்துகிறாள்.

2008இல் ஹைதராபாத்தின் கிரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கிய 'சோட்டா பீம்' தமிழிலும் வருகிறது. அதில் டோலக்பூரின் சிக்கல்களைத் தீர்ப்பவன் பீம். லட்டு தின்றால் பலம் பெருகும், பிறகு அடிதடி. பல கதைகளில் அந்த லட்டைக் கொடுப்பவள் சுட்கி. அவளும் துணிச்சல்காரிதான். ஆனால் ஊர் கொண்டாடுவது பீமை. லட்டு இல்லாமல் வெற்றியில்லை என்று காட்டும் கதை, லட்டைத் தீர்வாக எண்ணுவதில்லை.

இந்தக் கணக்கு திரைக்கு வெளியிலும் உண்டு. எங்கள் வடசேரிச் சந்தையில் காய் விற்கும் பெண் விலை பேசுகிறாள், வட்டி சமாளிக்கிறாள், மிஞ்சிய காய்க்கு வழி காண்கிறாள். வீட்டில் அதற்குப் பெயர் 'ஒத்தாசை'. பெண் உதவினால் கடமை. ஆண் உதவினால் வீரம்.

டோராவிடமும் குறை உண்டு. அவள் கேள்விக்கு ஒரே விடைதான். குழந்தை மாற்றிச் சொன்னாலும் கதை அதே வழியில் போகும். ஆயினும் வழியைத் தேர்பவள் ஒரு பெண் என்று மூன்று வயதிலேயே காண்பது சிறிய விஷயமல்ல. பீமைப் பார்க்கும் பிள்ளையிடம் நாமும் ஒன்று கேட்கலாம்: லட்டு செய்தது யார்?