நாலு விரற்கடை

டயருக்கும் அதன் மேலே வளைகிற மட்கார்டுக்கும் நடுவில் நாலு விரல் நுழையும். அந்த இடைவெளியைப் பார்த்தாலே சில பேருக்குத் தூக்கம் போய்விடுகிறது. 'வண்டி ஏணி மேல நிக்கிற மாதிரி இருக்குது சார்' என்பார்கள். அதைக் குறைக்க விற்கப்படும் சரக்குதான் லோயரிங் ஸ்பிரிங். வாராவாரம் சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். டிக்கெட்டைவிடப் பல மடங்கு காசு வாங்கிக்கொண்டு, தினமும் நம் முதுகெலும்பில் படம் காட்டுகிற இந்தச் சுருள் கம்பிக்கு ஒரு விமர்சனம் வேண்டாமா?

உங்களையே காரில் உட்கார வைக்கிறேன். ஊர் கடையம். கார், செகண்ட் ஹாண்டில் வாங்கிய போலோ ஜிடி டிஎஸ்ஐ. (ஸ்போர்ட்ஸ் கார் என்றால் போர்ஷே என்று சண்டைக்கு வராதீர்கள். நம் சம்பளத்துக்கு 105 குதிரை போதும். அந்த போலோவையும் 2022-ல் இங்கே நிறுத்திவிட்டார்கள்.) வார நாளில் மத்தளம்பாறைக்கோ தென்காசிக்கோ வேலைக்குப் போய் வருகிறீர்கள். ஞாயிறு காலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வளைவுகளில் ஒரு ஓட்டம். சாரல் விழுந்தால் குடும்பத்தோடு குற்றாலம். ஒரே கார்தான், மூன்று வேலை செய்கிறது.

ஸ்பிரிங் விற்பவர் சொல்கிற முதல் எண், எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்பது. முப்பதா, முப்பத்தைந்தா, நாற்பதா? என் முதல் புகாரே இதில்தான். அட்டைப் பெட்டியில் அச்சடிக்கிற அந்த எண்ணை நீங்கள் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போது மேலே போய்வர ஓர் இடம் வேண்டும். அது 80 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 இறக்கினால் மிச்சம் 45. நான் பி.காம். படித்தவன், எனக்கு இது கையிருப்புக் கணக்காகத்தான் தெரிகிறது. கையிருப்பு கிட்டத்தட்ட பாதி, வரப்போகிற செலவோ அதேதான். 80 மில்லிமீட்டரில் வாங்கிய அடியை 45-க்குள் வாங்கி முடிக்க ஸ்பிரிங் சுமார் மூன்று மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் தருவது பெரும்பாலும் 20, 30 சதவிகிதம்தான் கூடுதல் விறைப்பு. மூன்று மடங்கு கொடுத்தால் நீங்களே மறுநாள் கழற்றி எறிவீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பாக்கி அடியை யார் வாங்குவது? முதலில் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை, அப்புறம் பாடி, அதற்கும் அப்புறம் பின் சீட்டில் இருக்கிற உங்கள் அம்மா.

அலுப்போடு போனால் பரவாயில்லை. ஆரியங்காவு இறக்கத்தில், ஈரத்தில், வளைவின் நடுவே ஒரு குழி. வளையும்போதே வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். மிச்சமிருக்கிற கொஞ்சமும் குழியில் தீர்ந்து ரப்பர் கட்டையில் இடித்தால், மெத்தென்று இருந்த சக்கரம் ஒரு நொடியில் கட்டையாகிவிடும். டயர் பிடியை விடுவது அந்த நொடியில்தான். எதிரே கேரளாவிலிருந்து லாரி வந்துகொண்டிருக்கும்.

'தாழ்ந்தால் வளைவில் சாயாது' என்பார்கள். இதுவும் முழு உண்மை இல்லை. போலோ போன்ற கார்களில் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட். கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்தப் புள்ளியின் உயரத்தைக் கீழ்க்கையின் கோணம் தீர்மானிக்கிறது. காரை இறக்கினால் எடையின் மையம் இறங்குகிறது, சரி. இந்தச் சாய்வுப் புள்ளி அதைவிட வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நெம்புகோல் நீளமாகிறது. ஆக, கார் சாயத்தான் பார்க்கும். கூடுதல் விறைப்பில் ஒரு பங்கு நீங்களே உண்டாக்கிய இந்தச் சாய்வைத் தடுப்பதற்கே செலவாகிறது. போதாததற்கு டயரின் உள்விளிம்பு தேய்ந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரியே தெரியும்!

வயிறு தட்டுவதைப் பற்றி ஒரு சுவாரசியம். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே சுமார் இரண்டரை மீட்டர். கணக்குப் போட்டால் அந்த மேட்டில் வயிற்றுக்குக் கீழே தேவைப்படும் இடம் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. தாழ்த்திய காரும் கம்பீரமாகத் தாண்டிவிடும். சிக்கல், நம் கிராமங்களில் விபத்து நடந்த மறுநாள் ஆத்திரத்தோடு கொட்டுகிற தார்க் குவியலில் இருக்கிறது. ஒரு மீட்டர் அகலம்கூட இராது, உயரம் ஒரு சாண் வரும். முழுக் குவியலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் வந்து நிற்கும். தொழிற்சாலை தருகிற சுமார் 165 மில்லிமீட்டரில் 35-ஐக் கழியுங்கள். நாலு பேரும், குற்றாலத்தில் நனைந்த துணி மூட்டையும் ஏறினால் இன்னும் கழியும்.

வேடிக்கை பாருங்கள், ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பணக்காரர் என்பதற்கு அடையாளம் வில்வண்டி. மற்றவர்கள் கட்டைவண்டியில் இடுப்பொடிய, மிராசுதார் மட்டும் வில் வைத்த வண்டியில் மெத்தென்று போவார். பக்கத்துத் திருவிதாங்கூரில் 1893-ல் அய்யன்காளி வில்வண்டி ஏறிப் பொதுச் சாலையில் போனதே ஒரு போராட்டம். அப்படி அந்தஸ்தாக இருந்த அந்த மெத்தையைக் காசு கொடுத்துக் கழற்றுகிறோம்.

ரேஸ் கார் தரையோடு தரையாக இருக்கிறதே என்பீர்கள். கோவையில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி ஒரு தடம், கோயில் பிராகாரம் போல வழவழவென்று இருக்கும். அங்கே சரி. அதே உலகத்து ராலி கார்களைப் பாருங்கள். தார்ச் சாலையில் தாழ்ந்து ஓடுகிற கார், மண் பாதைக்கு வந்தால் உயரமான ஸ்பிரிங்கும் நீளமான ஷாக் அப்ஸார்பரும் மாட்டிக்கொள்கிறது. கென்யாவின் சஃபாரி ராலியில் ஜெயிப்பது அந்த உயரமான கார்தான். லோட்டஸ் கம்பெனியின் காலின் சாப்மன், அத்தனை பேரும் வியந்த தன் எலான் காருக்கு மெதுவான ஸ்பிரிங்தான் வைத்தார். அதை அடக்க நல்ல ஷாக் அப்ஸார்பர் கொடுத்தார்.

கடைக்காரர் அழுத்திச் சொல்லாததும் இந்த ஷாக் அப்ஸார்பரைத்தான். பெயரே தப்பு. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளாமல் அடக்குவதுதான் இதன் வேலை. அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிச் சலித்த ஷாக் அப்ஸார்பர் மேல் புது விறைப்பு ஸ்பிரிங்கை ஏற்றுவது, கிழவர் கையில் ஜல்லிக்கட்டுக் காளையின் கயிற்றைக் கொடுப்பது மாதிரி.

காசு இருந்தால் முதலில் நல்ல டயர். ஈரச் சாலைக்கு அதைவிடப் பெரிய சஸ்பென்ஷன் வேலை கிடையாது. அப்புறம் காய்ந்துபோன புஷ்களை மாற்றி, அலைன்மென்ட் பாருங்கள். மூன்றாவதாக, பழைய ஸ்பிரிங் அப்படியே இருக்க, ஷாக் அப்ஸார்பர் மட்டும் உசத்தி. பில்ஸ்டைனில் பி6 என்பது அசல் உயரத்துக்கு, பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. மாற்றி வாங்கிவிடாதீர்கள். இத்தனைக்கும் பிறகு அந்த நாலு விரல் கண்ணை உறுத்தினால் 15, மிஞ்சிப்போனால் 20 மில்லிமீட்டர், அதற்கேற்ற ஷாக் அப்ஸார்பரோடு சேர்த்து. உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற காயிலோவர் தினசரி வண்டிக்கு வேண்டாம். சாரலும் சேறும் பட்டு அந்த மரை இறுகிப்போனால் திருகவும் முடியாது, கழற்றவும் முடியாது. இருக்கிற ஸ்பிரிங்கையே கேஸ் கட்டரில் ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்று மெக்கானிக் அண்ணாச்சி யாராவது சொன்னால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சூடுபட்ட எஃகு குணம் மாறிவிடும், வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராது.

சட்டமும் ஒன்று உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஸ்பிரிங் அதில் சேருமா என்று கோர்ட்டில் வாதாடலாம். விபத்துக்கு அப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயரிடம் வாதாடுவதுதான் கஷ்டம். மாற்றுவதானால் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிடுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங் நாலையும் எடைக்குப் போடாமல் பரணில் வையுங்கள். காரை விற்கும்போது, வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.