பரசுதலும் ஹரசுதலும்: ஒரு வேர், இரு திசை

தமிழில் 'பரசு', 'பரவு' என்பன போற்றுதல், வழிபடுதல் என்னும் பொருளன. கன்னட 'ஹரசு' இவற்றின் இனச்சொல்லாகும். பழங்கன்னடத்தில் அது 'பரசு'. சொல்முதற் பகரம் ஹகரமாகத் திரிதல் அம்மொழியின் இயல்பு (ஒப்பு: பால் – ஹாலு). பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (இரண்டாம் பதிப்பு, 1984) இவற்றை ஒரே பதிவில் அடக்குவது ஒலியளவில் ஏற்புடையதே. ஆயினும் பொருள் வேறுபாட்டிற்கு அங்கு விளக்கமில்லை. தமிழ்வினை உயர்ந்தோரை நோக்கிச் செல்கிறது. கன்னடவினையோ மூத்தோர் இளையோர்க்கு ஆசி கூறுவதைக் குறிக்கிறது.

'ஹரகெ' என்னும் கன்னடப் பெயர்ச்சொல் ஆசியையும் நேர்த்திக்கடனையும் ஒருங்கே சுட்டுவதால், தெய்வத்தின் முன் மொழியும் சொல் என்பதே பொதுவான தொடக்கப்பொருள் எனக் கருத இடமுண்டு. தமிழ் 'வாழ்த்து' தெய்வத்திற்கும் இளையோர்க்கும் ஒருசேர வழங்குவது இதற்கு ஒப்புமையாகும். எனவே, 'ஹரசு' என்பதை இனச்சொல் என்பதற்காகவே 'பரவு' எனப் பெயர்த்தல் பிழை. 'வாழ்த்து' என்பதே பொருந்தும்.