படத்தை மூடிவிட்டுக் கோட்டைப் பாருங்கள்

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023 ஜூலையில் ஹெர்பிக்-ஹாரோ 46/47-இன் படத்தை அனுப்பியதும் நம்மூர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தகதகத்தன. பிறக்கும் நட்சத்திரம், இரு பக்கமும் பீறிடும் தாரை, ஆஹா! மறுநாள் காலை வணக்கப் படம் வந்தது, மறந்துவிட்டார்கள். அந்த ஆரஞ்சு, பிறகு பூசிய நிறம். வந்தது அகச்சிவப்பு ஒளி, அதற்கு நம் கண்ணில் நிறமே கிடையாது. படத்தைப் பகிர இத்தனை பேர் இருக்கிறார்கள். நிறமாலை என்றால் மட்டும் "அது படிச்சவங்க சமாச்சாரம்" என்று நழுவுகிறார்கள். உண்மையான ருசி அங்கேதான் இருக்கிறது என்று எத்தனை முறை சொல்வது?

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாயுவும் தூசியும் சுருங்கி நட்சத்திரமாகின்றன. மேகம் சுழல்வதால் எல்லாம் நடுவில் போய் விழுவதில்லை, சுற்றிலும் வட்டாகப் பரவுகிறது. வட்டிலிருந்து பொருள் உள்ளே இறங்க இறங்க, அதில் ஒரு பங்கு வட்டுக்குச் செங்குத்தாக இரு திசையிலும் தாரையாகப் பாய்கிறது. இவற்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வரும் வாயுவின் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். டாப்ளர் விளைவு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பார்க்க வேண்டிய இடம் ரோகிணியின் அக்கம்பக்கம். மார்கழி முன்னிரவில் திண்டுக்கல்லைத் தாண்டி வயல் பக்கம் போனால் கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் நன்றாகத் தெரியும். அந்தத் திசையில், சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவில், டி டாரி என்ற இளம் நட்சத்திரம் இருக்கிறது. வானியலாளர் ஹைண்ட் 1852-இல் கண்டுபிடித்தது. இந்த வகை இளம் நட்சத்திரங்களுக்கெல்லாம் அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, அதனால் என்ன?

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். ஆக்சிஜனின் 6300 ஆங்ஸ்ட்ராம் அலைநீளக் கோடு. இதைத் 'தடைசெய்யப்பட்ட கோடு' என்பார்கள். கிளர்ச்சியடைந்த அணு இந்தச் சிவப்பு ஒளியை உமிழ ஏறத்தாழ இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். நெரிசலான வாயுவில் அதற்குள் இன்னொரு துகள் வந்து மோதி ஆற்றலைப் பறித்துவிடும். ஆகவே அடர்த்தி மிகக் குறைந்த இடத்தில்தான் இது பளிச்சிடும். (நம் வளிமண்டலத்தின் உச்சியிலும் இதே கோடு ஒளிர்கிறது. அதைக் கழித்துவிட்டுத்தான் நட்சத்திரத்தினுடையதைப் பார்க்க வேண்டும்.)

இந்தக் கோட்டை உற்றுப் பார்த்தால் பல இளம் நட்சத்திரங்களில் இரண்டு மேடுகள் இருக்கும். ஒன்று நீலப் பக்கம் வெகுதூரம் தள்ளி நிற்கும். நொடிக்கு 200 கி.மீ. என்றால் நாலு ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் நகர்ச்சி. அதுதான் தாரை. இன்னொன்று கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நிற்கும், நொடிக்கு ஐந்து கி.மீ. அளவில், வெறும் 0.1 ஆங்ஸ்ட்ராம். இது வட்டின் மேற்பரப்பிலிருந்து கசியும் காற்று என்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். இரண்டையும் 'வெளியேற்றம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டும் அறிவியல் கட்டுரைகளை நான் பாதியில் மூடிவிடுவேன். தாரை ஆர்ப்பாட்டக்காரன், எல்லோரும் அவனைத்தான் படம் பிடிக்கிறார்கள். சத்தமில்லாமல் வட்டைக் கரைக்கிற இந்த மெதுவான காற்றைப் பொறுத்தும்தான் கோள்கள் உருவாக எவ்வளவு காலம் கிடைக்கும் என்பது இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க நல்ல கருவி வேண்டும். லடாக்கின் ஹன்லேயில், 4500 மீட்டர் உயரத்தில் உள்ள சந்திரா தொலைநோக்கியில் அப்படியொரு எஷெல் நிறமாலைமானி இருக்கிறது. அதன் பகுதிறன் 60,000 வரை போகும். ஐந்து கி.மீ. வேக வித்தியாசம் அதில் பிடிபடும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். தாரை இரு திசையிலும் பாய்கிறது அல்லவா? அப்படியானால் சிவப்புப் பக்கமும் ஒரு மேடு இருக்க வேண்டுமே, பெரும்பாலும் இல்லை. ஏன்? முறத்தைக் குறுக்கே பிடித்தால் பின்னால் இருப்பது மறைவதுபோல, தூசி வட்டு அந்தப் பக்கத்துத் தாரையை மறைக்கிறது. இம்மோ அப்பென்செல்லரும் கூட்டாளிகளும் 1984-இலேயே இப்படி வாதிட்டுவிட்டார்கள். ஹெச்.எல். டாரி என்ற இளம் நட்சத்திரத்தின் வட்டை வளையம் வளையமாக ஆல்மா தொலைநோக்கி படம் பிடித்தது 2014-இல்! முப்பது வருடம் முன்பே, இல்லாத ஒரு மேட்டை வைத்து வட்டு இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய அழகு வானியலில் தெரியாது. ஆர்.டபிள்யூ. ஆரிகே மாதிரி நட்சத்திரங்கள் சிலவற்றில் இரு பக்கமும் தெரியும், அது வேறு சுவாரசியம்.

இது ஏதோ வெளிநாட்டு வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய நம் திண்டுக்கல் மாவட்டத்துக்குள், கொடைக்கானல் வானாய்வகத்தில், 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் செய்ததும் இதே வேலைதான். சூரியப் புள்ளியின் நிறமாலையில் கோடுகள் துளி இடம் பெயர்ந்திருப்பதைப் பார்த்து, வாயு நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று கண்டார். வேகம் நொடிக்கு ஓரிரு கி.மீ.தான். இன்றும் உலகம் முழுக்க அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அந்த வாசலைத் தாண்டிச் சாக்லேட் வாங்கப் போகிறவர்களை என்ன சொல்ல! அங்குள்ள அருங்காட்சியகத்தில் சூரிய நிறமாலையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதுண்டு. அடுத்த முறை மலையேறும்போது அந்தக் கறுப்புக் கோடுகளைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு 6300 கோட்டின் வரைபடம் எங்கே கண்ணில் பட்டாலும் முதலில் சிவப்புப் பக்கத்தைத் தேடுங்கள்.