கால்டுவெல்லின் பயிற்சிக் காலம்: ஒரு மறுநோக்கு

முதுகலை மாணவர்தம் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் தவறாது இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு. கால்டுவெல் கிளாசுகோப் பல்கலைக் கழகத்தில் ஒப்பிலக்கணம் பயின்றார் என்றும், அப்பயிற்சியின் பயனாகத் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை இயற்றினார் என்றும் அவர்கள் எழுதுவர். மாணவரைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் கற்கும் கையேடுகள் அவ்வாறே கூறுகின்றன; அக்கையேடுகளை எழுதியோர் நம்மனோரே. கால்டுவெல்லின் தமிழகத் தொண்டு டாக்டர் ரா. பி. சேதுப்பிள்ளையின் சரிதம் முதலாகப் பலராலும் போற்றி எழுதப்பெற்றுள்ளது. ஆயின், கப்பலேறுமுன் அவர் பெற்ற பயிற்சி யாது, அதன் பயன் அவர் நூல்களில் எங்கே தென்படுகிறது என்னும் வினாக்கள் போதிய அளவு ஆராயப்படவில்லை. மேற்காட்டிய தொடர் அவ்வாராய்ச்சிக்கு இடமின்றி வழியடைத்து நிற்கின்றது. அது பெரும்பாலும் பிழை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் வரலாற்றைக் காண்போம். கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் பிறந்தவர், பெற்றோர் இசுகாத்துலாந்தினர். அவர் இளமையிலேயே குடும்பம் கிளாசுகோவிற்கு மீண்டது. பதினைந்து பதினாறு வயதளவில் டப்ளின் நகருக்கு அனுப்பப்பெற்று ஓவியக்கலை பயின்றார். சமயத் தொண்டர் ஆகவேண்டும் என்னும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. உள்ளம் சமயநெறியில் திரும்பியது டப்ளினில் வாழ்ந்த அந்நாளிலேதான். பின்னர்க் கிளாசுகோ திரும்பினார். 1834இல் இலண்டன் மிசனரிச் சங்கத்தார் அவரை ஏற்றுக்கொண்டு, அந்நகர்ப் பல்கலைக் கழகத்திலேயே பயிலச் செய்தனர். 1837இல் பி.ஏ. பட்டம் பெற்று, அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில் கப்பலேறி, 1838 சனவரி 8ஆம் நாள் சென்னையில் வந்திறங்கினார். ஆக, பயிற்சி எனத் தக்க காலம் மூன்றாண்டுகளே.

அம்மூன்றாண்டுகளில் அவர் என்ன கற்றிருப்பார்? இசுகாத்துலாந்துப் பல்கலைக் கழகங்களின் அக்காலக் கலைப்பாடம் இலத்தீன், கிரேக்கம், அளவை நூல், அறநூல், இயற்கை நூல் என்னும் வரிசையில் அமைந்தது. குருமாராகப் போகிறவனும் வழக்கறிஞனாகப் போகிறவனும் ஒரே பலகையில் அமர்ந்து அவற்றைக் கேட்டனர். கீழ்நாட்டுக்குச் செல்லவிருக்கும் இளைஞனுக்கெனத் தனிப்பாடம் அங்கு இல்லை. கும்பினி ஆட்சியாளராக வருவோர்க்கு ஹெய்லிபெரிக் கல்லூரியிலும், வந்தபின் சென்னைக் கோட்டைக் கல்லூரியிலும் கீழ்நாட்டு மொழிகள் கற்பிக்கப்பட்டன. சமயத் தொண்டர்க்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. தமிழில் ஓரெழுத்தும் அறியாமலே கால்டுவெல் பல்கலைக் கழக வாயிலைக் கடந்தார் எனலாம்.

அங்கு அவரைக் கவர்ந்தவர் கிரேக்கப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்போர்டு. இவர் வாயிலாகவே மொழிகளை ஒப்புநோக்கும் விருப்பம் தமக்கு உண்டாயிற்று எனக் கால்டுவெல் தம் நினைவுக் குறிப்புகளில் நன்றியோடு குறித்துள்ளார். கையேட்டுத் தொடருக்கு மூலம் இதுவே. இக்கூற்றைப் பொய்யென்று தள்ளுதல் முறையன்று. சாண்ட்போர்டு, தீர்சு என்னும் செருமானியர் இயற்றிய கிரேக்க இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1830இல் வெளியிட்டவர். செருமனியில் மலர்ந்துகொண்டிருந்த புதிய மொழியாராய்ச்சியின் மணம் அவர் வகுப்பில் வீசியிருத்தல் இயல்பே.

ஆயினும் சான்றினை எடைபோட்டுக் கொள்ளுதல் வேண்டும். அந்நினைவுக் குறிப்புகள் கால்டுவெல் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1894இல், அவர்தம் மருகர் வயட் என்பவரால் பதிப்பிக்கப்பெற்றவை. ஒப்பிலக்கணம் இரு பதிப்புகள் கண்டு, ஐரோப்பிய அறிஞர்தம் பாராட்டை முழுதும் பெற்றுவிட்ட பின்னர், முதியவர் ஒருவர் தம் இருபதாம் வயதைத் திரும்பி நோக்குகின்றார். பெருநூல் ஒன்றை முடித்தவர் அதன் வித்தைத் தம் இளமையில் தேடுதல் மனித இயல்பு. வித்து அங்கே இருந்திருக்கலாம். ஆனால் அவ்வகுப்பில் இருந்த பிறவெல்லாம் நினைவினின்று உதிர்ந்துபோக, பயன்தந்த ஒன்றே நிலைத்தது என்பதையும் ஆராய்ச்சியாளன் மறத்தலாகாது. அவர் 1836இல் எழுதிய நாட்குறிப்பு ஒன்றைப் படிப்பதும், 1880களின் நினைவைப் படிப்பதும் ஒன்றாகா.

இனி, ஆண்டுகளை ஒப்பிட்டு நோக்குக. மொழியொப்பியலின் அடிநூலாகிய பாப்பின் ஒப்பிலக்கணம் செருமானிய மொழியில் 1833இல்தான் வெளிவரத் தொடங்கியது; முற்றுப்பெற்றது 1852இல். ஆங்கில மொழிபெயர்ப்போ 1845இல் தொடங்கி வெளிவந்தது. திராவிடமொழிகளைச் சித்தியக் குடும்பத்தோடு உறவுபடுத்தக் கால்டுவெல் பெரிதும் பயன்படுத்திய பெகிசுத்தூன் கல்வெட்டின் இரண்டாம் மொழி பற்றிய நாரிசின் ஆய்வு 1850களில் வெளிப்பட்டது. இவற்றுள் எதனையும் 1837இல் கிளாசுகோவை விட்டுப் புறப்பட்ட மாணவன் அங்குக் கற்றிருக்க இயலாது. 1856ஆம் ஆண்டு நூலின் கருவிகள் பெரும்பாலும் அவர் இந்திய நாட்டில் இருந்த காலத்தில் உருவானவை. இங்கிருந்தபடியும், 1854க்குப் பின் விடுப்பில் இலண்டனில் தங்கிய நாளிலும் அவர் தேடிப் பெற்றவை.

இந்நூலுக்கு நாற்பதாண்டு முந்திய வேர் ஒன்று சென்னையிலேயே இருந்தது. 1816இல் கேம்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்திற்கு எல்லிசு எழுதிச் சேர்த்த குறிப்பு, தெலுங்கு வடமொழியினின்று பிறந்ததன்று, தமிழோடும் கன்னடத்தோடும் உறவுடையது என்பதை வேர்ச்சொற்களை அடுக்கிக் காட்டிற்று. அவ்வேர்ச்சொல் ஆய்வின் பின்னால் பட்டாபிராம சாத்திரி போன்ற கோட்டைக் கல்லூரிப் புலவர்தம் உழைப்பு இருந்தது என்பதை டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவியுள்ளார். கால்டுவெல்லும் எல்லிசைப் பெயர் சுட்டியே எழுதுகிறார், ஆனால் சுருக்கமாக. அவர் சுருக்கியதை நாம் முற்றும் விட்டுவிட்டோம். பேராசிரியர் ஒருவர் கிளாசுகோவில் கொடுத்ததாகச் சொன்னால், சென்னைப் புலவர்க்குரிய கடன் கணக்கில் வாராமற் போகின்றது. கையேட்டுத் தொடர் பிழைபடுவதனால் நேரும் இழப்பு இதுவே. இது தனியொருவர் வரலாற்றில் நேர்ந்த சிறு பிறழ்ச்சி எனக் கருதி விடுதற்குரியதன்று.

பயிற்சியின் இறுதிப் பகுதி கப்பலில் நிகழ்ந்தது என்றும் நான் கருதுவேன். அக்கப்பலிலே கால்டுவெல்லுடன் பயணம் செய்தவர் சி. பி. பிரவுன். தெலுங்கு மொழிக்கு அகராதியும் இலக்கணமும் அளித்த அப்பெரியார், எல்லிசு வாழ்ந்த நாளிலேயே சென்னைக் கோட்டைக் கல்லூரியில் பயின்றவர்; விடுப்பு முடிந்து பணிக்கு மீண்டுகொண்டிருந்தார். நான்கு மாதக் கடற்பயணம். ஒருபுறம் இருபத்துமூன்று வயது இளைஞர், மறுபுறம் தென்னாட்டு மொழியொன்றில் ஆழ்ந்த அறிஞர். எல்லிசின் கருத்துகள் அவர்களிடையே பேசப்பட்டனவோ என்பதற்குச் சான்று காட்ட இயலாது. எனினும், தென்னாட்டு மொழியாராய்ச்சியோடு கால்டுவெல்லுக்கு வாய்த்த முதல் தொடர்பு சாண்ட்போர்டின் வகுப்பில் அன்று, இக்கப்பலின் மேல்தளத்தில் ஏற்பட்டது எனல் மிகையாகாது. வந்திறங்கிய பின்னரோ, அதே சங்கத்தைச் சார்ந்த ட்ரூ பாதிரியார், திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பிக்கும் பணியில் சென்னையில் ஈடுபட்டிருந்தார். அதன் முதற்பகுதி 1840இல் வெளிவந்தது.

பயிற்சியே ஒருவரை ஆக்குகிறது என்போர்க்கு மற்றொரு சான்றும் காட்டலாம். ஆப்பிரிக்காவிற் புகழ்பெற்ற டேவிட் லிவிங்சுடன் 1836 முதல் அதே கிளாசுகோவில் மருத்துவமும், அதனோடு கிரேக்கமும் பயின்றவர். அவரை ஏற்றுக்கொண்டதும் அதே இலண்டன் மிசனரிச் சங்கமே. அவர் செல்ல விரும்பிய நாடு சீனம். அபினிப் போர் குறுக்கிட்டமையால் ஆப்பிரிக்கா சென்றார். ஒரு நகர், ஒரு சங்கம், ஏறத்தாழ ஒரே காலம். ஒருவர் நிலவழிகளை வரைந்தார். ஒருவர் மொழிவழிகளை வரைந்தார். இவ்வேறுபாட்டைப் பாடத்திட்டத்தால் விளக்குதல் எங்ஙனம்?

அங்ஙனமாயின் சாண்ட்போர்டின் வகுப்பு வீணாயிற்றோ எனின், அன்று. ஒப்பிலக்கணத்தில் அதன் பயன் ஒரு பழக்கமாக நிற்கின்றது. சொல்லின் உறுப்பைப் பிரித்து, இனமான வடிவோடு வைத்துப் பார்க்கும் பழக்கம் அது. ஆனால் அந்நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகிய வேற்றுமை ஆராய்ச்சி, கிரேக்க வகுப்பை மறந்த இடத்தில்தான் பிறக்கின்றது. அவருக்கு முன் வந்த சீகன்பால்கும் வீரமாமுனிவரும் தாம் இலத்தீனில் எழுதிய இலக்கணங்களில் தமிழ்ப் பெயரை இலத்தீன் வாய்பாட்டில் பொருத்திக் காட்டினர். கால்டுவெல்லோ, திராவிட மொழிகளில் பெயரோடு சேரும் பின்னொட்டு ஒவ்வொன்றும் ஒரு வேற்றுமையே ஆதலின் வேற்றுமைகளுக்கு எண் வரையறுத்தல் அரிது என்றும், எட்டு என்னும் வரிசை வடமொழியைத் தழுவி அமைந்தது என்றும் கூறுகின்றார். ஐந்து வேற்றுமை உடைய கிரேக்கத்தை அளவுகோலாகக் கொண்டவர்க்கு இது தோன்றாது. பன்னிரண்டாண்டிற்கு மேல் இடையன்குடியில் தமிழ் பேசுவோரிடையே வாழ்ந்தவர்க்கே தோன்றும். (வடமொழித் தழுவல் என்ற பகுதியில் அவர் விரைந்துவிட்டார் என்பது என் எண்ணம். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியல் என ஓர் இயலே வகுத்து, உருபும் பொருளும் ஒன்றுக்கொன்று மயங்குதலை ஆராய்ந்திருத்தலை அவர் போதிய அளவு எண்ணவில்லை.)

கிரேக்கம் நேரே பயன்பட்ட இடம் வேறு. அரிசி என்னும் சொல்லுக்கும் கிரேக்கரின் ஒரிசா என்னும் சொல்லுக்கும் உறவு காண முயன்றபோது அது தலைகாட்டுகிறது. அதனினும் தெளிவாகத் தோன்றுவது கொற்கையில். தாலமியும் பெரிப்ளூசு ஆசிரியரும் கொல்கை எனக் குறித்த முத்துத்துறை, தாமிரபருணிக் கழிமுகத்திற்கு அண்மையில் உள்நாட்டில் ஒதுங்கிக் கிடக்கும் கொற்கையே எனத் துணிந்து, அங்கும் காயலிலும் அகழ்ந்தும் பார்த்தார். 1877இல் அதனை எழுதி வெளியிட்டார். முத்துக்குளிக்கும் துறையாயின் கடற்கரையில் அன்றோ இருத்தல் வேண்டும் என்னும் தடைக்கு, ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் பின்வாங்கியது என நிலத்தைப் பார்த்து விடை கூறினார். நூலில் படித்த ஊர்ப்பெயரை நடந்து சென்று காணும் இம்முயற்சியில், மூலபாடத்தைச் சொல் சொல்லாகப் படிக்கப் பழகிய கிளாசுகோ மாணவரும், கண்டதைக் கையால் வரையப் பழகிய டப்ளின் இளைஞரும் ஒருங்கே நிற்கின்றனர். சாண்ட்போர்டு இதனைக் காண இருந்திலர். தம் மாணவர் சென்னையில் இறங்கிய மறு திங்களே, 1838 பிப்ரவரியில், காலமானார்.

கால்டுவெல் கற்ற கிரேக்கத்தைக் காண விழையும் ஆய்வு மாணவர் 1856ஆம் ஆண்டு நூலை அன்று, 1881இல் அவர் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றின் தொடக்கப் பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளுதல் நலம்.