நிழலாகப் போனவள்: டேவிட் லாட்ஜின் ‘நைஸ் வொர்க்’ நாவலை முன்வைத்து

கோவையில் ஃபவுண்டரிக்குப் போகிறவர்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘கோர்’ என்பது ஆங்கிலச் சொல் என்றே ரொம்ப நாள் தெரியாது. அம்மா பதினோரு வருஷம் கோர் ஷாப்பில் இருந்தாள். பம்பின் இரும்புக் கூடு உள்ளே குடைவாக இருக்க வேண்டுமானால், அந்தக் குடைவின் வடிவத்தில் மணலைக் கெட்டியாகப் பிடித்து அச்சுக்குள் வைக்க வேண்டும். காய்ச்சிய இரும்பு அதைச் சுற்றி ஓடி உறையும். ஆறியதும் மணலைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். “ஓட்டைக்கு வெக்கற மண்ணு கண்ணு, அவ்ளோதான்” என்பாள் அம்மா.

எம்.ஏ. படிக்கும்போது நூலகத்தில் ஓர் ஆங்கில நாவலில் ‘கோர் ப்ளோயர்’ என்ற சொல் கண்ணில் பட்டது. இங்கிலாந்து நாவல், அதுவும் பேராசிரியர்களைப் பற்றிய நகைச்சுவை நாவல். கதாநாயகனும் கதாநாயகியும் இந்த இயந்திரம் ஒன்றை வாங்க ஜெர்மனிக்குப் போகிறார்கள். அதுவரை நான் படித்த இலக்கியத்தில் பூக்கள், ரயில்கள், தேநீர்க் கோப்பைகள் எல்லாம் இருந்தன. அம்மாவின் வேலை இருந்ததில்லை. எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன்.

டேவிட் லாட்ஜ் 2025 ஜனவரி 1 அன்று இறந்தபோது வந்த அஞ்சலிகள் பலவும் அவரை ‘கேம்பஸ் நாவல்’ எழுதியவர் என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடின. ‘சேஞ்சிங் ப்ளேசஸ்’ (1975), ‘ஸ்மால் வேர்ல்ட்’ (1984), ‘நைஸ் வொர்க்’ (1988) மூன்றையும் சேர்த்து வேடிக்கையான முத்தொகுதி என்று சொல்லிவிடுவது வழக்கம். முதல் இரண்டுக்கும் அது சரி. மூன்றாவதில் வேறொன்று நடக்கிறது. பல்கலைக்கழக ஆட்களை வெளி நிறுவனங்களுக்கும் அங்கிருப்பவர்களைப் பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பிவைக்கும் ஏற்பாடு இன்று உலகம் முழுக்க நிதி, படிவம், அறிக்கை சகிதம் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஏற்பாட்டுக்குள் போய் நின்று பார்த்த நாவல்களில் நான் படித்தவரை இதுதான் ஆகச் சிறந்தது. அது தடுக்கி விழுகிற இடமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கதை நடப்பது 1986இல். பிரிட்டனில் அந்த ஆண்டை ‘தொழில் ஆண்டு’ என்று அறிவித்திருந்தார்கள். தாட்சர் அரசு பல்கலைக்கழகங்களின் கழுத்தைப் பிடித்திருந்த காலம். 1981இல் மானியங்களை வெட்டியபோது சால்ஃபோர்ட் போன்ற பல்கலைக்கழகம் தன் மானியத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இழந்தது. அந்த வெட்டுக்குப் பிறகு முனைவர் பட்டம் முடித்து வெளியே வந்த தலைமுறைக்கு வேலை இல்லை. ராபின் பென்ரோஸ் அந்தத் தலைமுறை. ரம்மிஜ் பல்கலைக்கழகத்தில் (பர்மிங்காமுக்கு லாட்ஜ் வைத்த பெயர்) பீடத் தலைவராகிவிட்ட பிலிப் ஸ்வாலோவின் வகுப்புகளை எடுக்க மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்திருப்பவள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலை நாவல்கள் அவளுடைய துறை. எலிசபெத் கேஸ்கல், டிஸ்ரேலி, டிக்கன்ஸ் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்திருக்கிறாள். தொழிற்சாலைக்குள் ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை.

தொழில் ஆண்டை ஒட்டி ஒரு ‘நிழல் திட்டம்’ வருகிறது. ஒரு விரிவுரையாளர் வாரத்தில் ஒரு நாள் ஒரு நிறுவன நிர்வாகியின் பின்னாலேயே நிழல்போலப் போக வேண்டும். ஸ்வாலோ ராபினைக் கைகாட்டுகிறார். தொழிற்சாலை நாவல் பற்றி எழுதியவள், பொருத்தமாகத்தானே இருக்கும்? மறுப்பதற்கு அவளுக்கு வழியில்லை. ஒப்பந்தம் நீளலாம் என்கிற நப்பாசை ஒரு பக்கம். நிரந்தரமாக இருக்கிறவர் நிழலாகப் போகமாட்டார். எது கையில் இல்லையோ அவர்தான் போவார். லாட்ஜ் இதை ஒரு பக்கத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். என்னால் அப்படி நகர முடியவில்லை, காரணம் பின்னால் வரும்.

மறுபக்கம் விக் வில்காக்ஸ். பிரிங்கிள்ஸ் என்கிற வார்ப்பட, இயந்திரத் தொழிற்சாலையின் நிர்வாக இயக்குநர். கடிதத்தில் பெயர் எழுத்துப்பிழையோடு வந்ததால் ஓர் ஆண் வரப்போகிறான் என்று காத்திருக்கிறான். வந்து இறங்குவதோ ஒரு பெண், பெண்ணியவாதி, இடதுசாரி, ‘சுயம் என்ற ஒன்றே கிடையாது’ என்று பாடம் நடத்துகிறவள்.

ஃபவுண்டரிக் காட்சி நாவலின் உயிரான இடம். புகை, மணல், காது கிழிகிற சத்தம், இருட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் உலோகம். ராபினுக்கு நரகம் என்றுதான் தோன்றுகிறது. அவள் படித்த புத்தகங்கள் சொல்லிக்கொடுத்த சொல் அது. லாட்ஜ் அதை நக்கல் செய்வதில்லை. அவரும் புத்தகத்திலிருந்து வந்தவர்தான். நாவலின் முகப்பில் தன்னைத் தொழிற்சாலைகளுக்குள் அழைத்துப்போன நிர்வாகிகளுக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அதாவது நாவலாசிரியரே ஒரு நிழலாகப் போய் வந்திருக்கிறார். அதனால்தான் அந்தப் பக்கங்களில் விருந்தாளியின் கண் இருக்கிறது. பார்த்ததைத் துல்லியமாகப் பார்க்கிற கண், ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுகிற கண்.

அந்த ஃபவுண்டரியில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஆசியர்களும் கரீபியர்களும். அவர்களில் ஒருவர் டேனி ராம். ஒரு கூட்டத்தில் விக், இவர் வேலைக்கு லாயக்கில்லை, சின்னச் சின்னத் தவறுகளைக் கணக்கெடுத்து ஆளை வெளியே அனுப்பிவிடலாம் என்று பேசுகிறான். நிழலாக உட்கார்ந்திருந்த ராபினுக்குப் பொறுக்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப்போய் டேனி ராமிடமே சொல்லிவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் ஃபவுண்டரி நின்றுவிடுகிறது. கேஸ்கலின் ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலில் மார்கரெட் ஹேல் வேலைநிறுத்தக்காரர்களின் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று முதலாளியைக் காப்பாற்றுவாள். அந்த நாவலைப் பாடம் நடத்துகிறவள் இங்கே வேலைநிறுத்தத்தைத் தொடங்கிவைக்கிறாள். பிறகு அதை முடிப்பதற்கு, தான் தப்பாகப் புரிந்துகொண்டதாக அவளே ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

இதைவிடக் கூர்மையாக இந்தத் திட்டங்களின் உள்முரணைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. பார்க்க அனுப்புகிறார்கள். பார்த்தால் போதும், எதையும் செய்யக் கூடாது. பார்த்தவள் ஏதாவது செய்துவிட்டால் திட்டமே ஆட்டம் கண்டுவிடுகிறது. வந்தவள் உண்மையைச் சொன்னாள், அந்த உண்மையைப் பொய் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் பரிமாற்றம் தொடர முடிந்தது.

இதற்குப் பிறகு லாட்ஜ் டேனி ராமை விட்டுவிட்டு, தனக்கு ரொம்பப் பிடித்த ஆட்டத்துக்குப் போகிறார். ராபின் ஒரு சிகரெட் விளம்பரத்தைக் குறியியல்படி உரித்துக் காட்டுகிறாள். பட்டுத்துணியில் ஒரு கிழிசல், அவ்வளவுதான் படம். விக்கிற்குக் கோபம் வருகிறது, ஆனால் அதற்கப்புறம் அவனால் எந்த விளம்பரப் பலகையையும் சும்மா கடந்துபோக முடியவில்லை. கோட்பாடு கற்றுக்கொள்ள வேண்டுமென்று யாராவது கேட்டால் நான் பாடப் புத்தகம் எதையும் சொல்வதில்லை, இந்த அத்தியாயத்தைப் படிக்கச் சொல்கிறேன். ஃபிராங்பர்ட்டில் இதற்கு நேர் எதிரான பரிமாற்றம். இயந்திரம் விற்கிற ஜெர்மானியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது ராபினுக்குப் புரிகிறது. அதை விக்கிடம் சேர்க்கிறாள், பேரம் அவன் பக்கம் சாய்கிறது. அன்றிரவு இருவரும் ஒரே அறையில். விக் காதலில் விழுகிறான். காதல் என்பது மொழி கட்டிய புனைவு என்று ராபின் விளக்கம் கொடுக்கிறாள். சிரிப்பு வருகிற இடம், ஆனால் விக்கின் மனைவி இந்தக் கணக்கில் எங்கே வருகிறாள் என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும்.

பிறகு திட்டம் தலைகீழாகிறது. விக் பல்கலைக்கழகத்துக்கு ராபினின் நிழலாக வருகிறான். பிராண்டி சகோதரிகளைப் படிக்கிறான். டென்னிசன் வகுப்பில் வாயைத் திறந்து பேசுகிறான், உருப்படியாகவும் பேசுகிறான். இந்தப் பகுதி எனக்குப் பிடித்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வளாகத்துக்கு வருவது நிர்வாக இயக்குநர் மட்டும்தான். ராபினுக்கு ஒரு பகல்கனவு வருகிறது. ஃபவுண்டரித் தொழிலாளிகள் எல்லாரும் வளாகத்துப் புல்வெளிக்கு வந்து, மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் கலந்து பேசிக்கொண்டிருப்பதாக. அது கனவாகவே நின்றுவிடுகிறது. டேனி ராமுக்கு நிழல் திட்டம் கிடையாது. அவர் யாருக்கும் நிழலில்லை, அவருக்கும் யாரும் நிழலாக வரமாட்டார்கள்.

டிஸ்ரேலி 1845இல் எழுதிய ‘சிபில்’ நாவலுக்கு ‘இரு தேசங்கள்’ என்றொரு துணைத்தலைப்பு உண்டு. செல்வர்களும் ஏழைகளும்தான் அந்த இரு தேசங்கள். லாட்ஜ் அதே கோட்டைத்தான் திரும்ப வரைகிறார், ஆனால் கோடு கொஞ்சம் நகர்ந்துவிட்டது. இவருடைய இரு தேசங்கள் பல்கலைக்கழகமும் மேலாளர் அறையும். சம்பளம் வாங்கும் இரண்டு நடுத்தர வர்க்கங்கள் ஒன்றையொன்று கண்டுபிடித்து வியந்துகொள்கின்றன. விக் எளிய குடும்பத்திலிருந்து மேலே வந்தவன், அந்த அளவுக்கு லாட்ஜுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஷாப் ஃப்ளோரில் நிற்கிறவர்கள் ஒருவருக்கும் உள்மனம் தரப்படவில்லை. டேனி ராம் என்ன நினைத்தார்? தன்னைத் தூக்கப்போகிறார்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று சொன்னபோது அவருக்கு எப்படி இருந்தது? நாவல் அந்தப் பக்கம் போகவே இல்லை.

லாட்ஜுக்கு இது தெரியாமல் இல்லை என்பதுதான் சிக்கல். விக்டோரிய நாவலாசிரியர்கள் தொழிற்சாலைப் பிரச்சினைக்குத் தீர்வு தெரியாமல் வாரிசுச் சொத்து, கல்யாணம், வெளிநாட்டுப் பயணம், சாவு என்று ஏதாவதொன்றைக் கொண்டுவந்து கதையை முடித்தார்கள் என்று ராபின் ஆரம்பத்திலேயே பாடம் நடத்துகிறாள். கடைசியில் அவளுக்கே ஆஸ்திரேலிய மாமாவின் சொத்து வருகிறது, அமெரிக்க வேலை வருகிறது. கம்பெனி கைமாறி வேலை இழந்த விக்கின் புதுத் தொழிலில் அந்தப் பணத்தைப் போடுகிறாள். மார்கரெட் ஹேல் தார்ன்டனுக்குப் பணம் கொடுத்தாளே, அப்படியே. பகடி என்று விமர்சகர்கள் மெச்சினார்கள். மெச்சலாம். ஆனால் பகடி ஒரு தப்பிக்கும் வழியும்கூட. ‘எனக்கும் விடை தெரியாது’ என்பதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். கடைசிப் பக்கத்தில் புல்வெளியில் ஒரு கறுப்பினத் தோட்டக்கார இளைஞன் புல்வெட்டும் இயந்திரத்தோடு வருகிறான். மாணவர்கள் நகர்ந்து வழிவிடுகிறார்கள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. ராபின் அதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். நாவலின் மிக நேர்மையான பத்தி அது. அந்தத் தோட்டக்காரனிலிருந்து தொடங்கியிருந்தால் வேறொரு நாவல் வந்திருக்கும்.

நாவலுக்கு வெளியே வரலாறு எந்தப் பக்கம் போனது என்பதையும் பார்க்கலாம். பிரிட்டனில் 1975இலேயே ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. பட்டதாரி ஒருவரை நிறுவனத்துக்குள் வைத்து, பல்கலைக்கழகம் வழிகாட்ட, செலவை அரசும் நிறுவனமும் பகிர்ந்துகொள்ளும். 2003இல் அது ‘அறிவு பரிமாற்றக் கூட்டு’ என்ற பெயருக்கு மாறியது. 2014இல் ஆய்வு மதிப்பீட்டில் ‘சமூகத் தாக்கம்’ என்பதற்கு 20 சதவீதம் ஒதுக்கினார்கள், 2021இல் 25. நம் ஊரில் 2022இல் யுஜிசி, முனைவர் பட்டம் இல்லாத தொழில்துறை நிபுணர்களைப் பேராசிரியர்களாகக் கல்லூரிக்குள் கொண்டுவர வழிகாட்டுதல் வெளியிட்டது. ராபின் நப்பாசையில் செய்த வேலை இன்று புள்ளிக்கணக்காகிவிட்டது. நல்லது நடப்பதில்லை என்று சொல்லமாட்டேன். பொறியியல் துறைகளில் நிறைய நடக்கிறது. என் சந்தேகமெல்லாம் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்பதில்தான்.

என்னையும் ஒருமுறை அனுப்பினார்கள். ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலத் துறையில் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தபோது. மூன்று வாரம், ஒரு பம்ப் கம்பெனி. போக்குவரத்துப் படியும் சான்றிதழும் உண்டு. என் வகுப்புகளை இன்னொரு ஒப்பந்த விரிவுரையாளர் தலையில் கட்டினார்கள், அவருக்கு எதுவும் கிடையாது. நான் ஏ.சி. அறையில் உட்கார்ந்து சூப்பர்வைசர்களுக்கு மின்னஞ்சல் எழுதச் சொல்லிக்கொடுத்தேன். ஃபவுண்டரிக்குள் போகலாமா என்று இரண்டாவது நாள் கேட்டேன். “அங்கெல்லாம் எதுக்குங்க மேடம், தூசி” என்றார் மனிதவள மேலாளர், மரியாதையாகத்தான். அந்தத் தூசியில்தான் எனக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் வந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும். ராபின் ஒரே நிமிடத்தில் படியிறங்கிப் போனாளே, நான் மூன்று வாரமும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே இருந்தேன். ராபினை அசடு என்று வகுப்பில் சிரித்தவள்தான் நான். பன்னிரண்டு பக்க அறிக்கை எழுதினேன். யாரும் படிக்கவில்லை.

அந்த மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு இந்த நாவலின் கதையைச் சொன்னேன். காதல் பகுதியைக் கொஞ்சம் சுருக்கி. கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனிக்குப் போய்ப் பேரம் பேசுகிற இடம் வந்ததும் நிமிர்ந்தாள்.

“அந்த மெஷினு வந்துச்சா?”

“வாங்குறதுக்குத்தாம்மா போறாங்க.”

“வந்தப்பறம் கோர் ஷாப்புல எத்தன பேரு இருந்தாங்க?”

நான் பதில் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள். “எங்க ஷாப்புக்கு ஷூட்டர் வந்தப்ப பதினாலு பேரு அஞ்சு பேராயிட்டோம். சரசக்காவ மொதல்லயே நிறுத்திட்டாங்க. அவங்கதான் எனக்குக் கைப்பதம் சொல்லிக் குடுத்தது.” குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.