வாகையும் வரிசையும்
மேசைக் கதையாட்டங்களின் பரிசுமுறை பற்றிய ஓர் ஆய்வு

ஒரு விளையாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அதன் விதிகள் அனைத்தையும் ஆராய வேண்டுவதில்லை. அஃது எச்செயலுக்குப் பரிசு வழங்குகின்றது என்பதொன்றை ஆராய்ந்தாற் போதும். ஆடுவோர் தாமும் அறியாவண்ணம் பரிசு கிடைக்கும் வழியிற் செல்லுதல் இயல்பு. ஆகலின், பரிசுமுறையே ஆட்டத்தின் அறநூல் எனலாம். மேனாடுகளிற் பிறந்து இன்று உலகின் பல பாகங்களிலும் இளைஞரால் ஆடப்பெறும் மேசைக் கதையாட்டங்கள் இதற்குச் சிறந்த சான்றாகும்.

இவ்வாட்டத்தில் நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சூழ்ந்திருப்பர். ஒருவர் கதைக்களத்தை விரித்துரைத்து நடுவராயிருப்பார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, துறவி எனப் பாத்திரம் ஏற்று, தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்லால் நிகழ்த்துவர். ஐயுறவு நேருமிடத்துப் பகடை முடிவு கூறும். மட்டக்களப்புக் கூத்துக் களரியில் அண்ணாவியார்க்குள்ள இடம் இங்கு நடுவர்க்கு உண்டு. ஆயின் முன்னரே எழுதிவைத்த ஏடு இல்லை. கதையின் போக்கு ஆடுவோர் விருப்பின் வழியது. விருப்பின் போக்கோ பெரிதும் பரிசின் வழியது.

இவ்வகையில் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்த ஆட்டம், கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் அமெரிக்கர் இருவர் 1974 இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆகும். பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடிய போர் விளையாட்டிலிருந்தே அது கிளைத்தது. கொன்ற அரக்கருக்கும் கொணர்ந்த பொன்னுக்கும் அனுபவப் புள்ளிகள் வழங்கப்பட்டன. புள்ளி பெருகப் பாத்திரத்தின் படிநிலையும் ஆற்றலும் உயர்ந்தன. ஆயினும் அத்தொடக்க நூலிலேயே, உயர்நிலை எய்திய வீரன் கோட்டை கட்டிச் சிற்றரசனாகிக் குடிகளிடம் வரி பெறலாம் என்ற விதியும் இருந்தது. போர் வழியாகவும் சமூக உயர்வு முடிபாகவும் அங்கே கருதப்பட்டன என்பது நோக்கத்தக்கது. 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பிற் பொன்னுக்குப் புள்ளி இல்லையாயிற்று. போரின்றித் தடையைக் கடந்தாரை அந்நூல் புறக்கணித்ததில்லை எனினும், பரிசின் அளவு எதிர்ப்பட்ட பகையின் வலிமையைக் கொண்டே பெரும்பாலும் கணிக்கப்பட்டது.

இம்முறையின் குறை வெளிப்படை. பகைவனின் தலை இத்துணைப் புள்ளி என்று விலை குறிக்கப்பட்டவிடத்து, அவன் ஏன் பகைத்தான் என்று வினவுவார் அருகிவிடுவர். வாயில் காப்போனோடு உரையாடி உள்ளே புகுந்தவனுக்கும் அவனை வெட்டி வீழ்த்திப் புகுந்தவனுக்கும் வேறுபாடு காணாத விதி, காலப்போக்கில் உரையாடுவோனை மௌனியாக்கிவிடும்.

வெற்றி என்பது கொலை ஒன்றே என்னும் கருத்துத் தமிழ் மரபுக்கு உடன்பாடன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் வாகைத்திணையை வகுக்குங்கால், ஒவ்வொருவரும் தத்தமக்குரிய துறையிற் பழுதின்றி மேம்படுதலையே வாகை எனக் கொண்டது. அரசர்க்கு மட்டுமன்றி, அந்தணர்க்கும் அறிவர்க்கும் தாபதர்க்கும் வாகை உண்டு. எனவே, போரன்றிப் பிறவற்றால் மேம்படுவார்க்கும் பரிசு வேண்டும் என்போர் கேட்பது புதுமையன்று. வாகையின் முழுப் பரப்பையே அவர் வேண்டுகின்றனர்.

இனி, சமூக உயர்வையே பரிசாக வைத்த ஆட்டங்களைக் காண்போர்க்கு இரண்டு முதன்மையாகத் தோன்றும். 1975 இல் வெளிவந்த 'ஆன் கார்ட்' பதினேழாம் நூற்றாண்டுப் பாரிசு நகரைக் களமாக உடையது. அங்கே ஆடுவோன் சேரும் சங்கம், படையிற் பெறும் பதவி, செலவிடும் பொருள் ஆகியவற்றால் மதிப்புப் புள்ளி ஈட்டுகின்றான். மாதந்தோறும் போதிய புள்ளி ஈட்டாவிடின் அவன் நிலை தாழும். பெற்ற உயர்வைப் பேணவும் உழைக்க வேண்டும் என்பது கூரிய கருத்தே. எனினும் அவ்வுயர்வு பெரும்பாலும் ஆடம்பரத்தின் பயன். பிறர்க்கு அதனால் விளையும் நன்மை சிறிது.

கிரெக் ஸ்டாஃபோர்ட் 1985 இல் இயற்றிய 'பென்ட்ராகன்' இதனினும் ஆழமானது. அதிற் புகழே புள்ளி. போரில் மட்டுமன்றி, திருமணத்தாலும் வீரநெறி பிறழாமையாலும் புகழ் வரும். இரக்கமும் கொடுமையும் போன்ற இணைப்பண்புகளுள் ஒன்று ஏறின் மற்றது இறங்கும். தந்தையின் புகழிற் பத்தில் ஒரு பங்கு மைந்தனைச் சாரும். வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் நற்பண்பு ஏணியாகவும் தீக்குணம் பாம்பாகவும் நின்றாலும், ஏற்றுவதும் இறக்குவதும் பகடையே. ஆடுவோன் நன்மையைத் தெரிந்து கொள்வதில்லை. பென்ட்ராகனிலோ தெரிவு ஆடுவோனுடையது. இதுவே அதன் சிறப்பு.

ஆயினும் ஓர் இடர் எஞ்சுகின்றது. பொன் பெறுவோன் தோழனின் பொன்னைக் குறைப்பதில்லை. வரிசை பெறுவோனோ தோழனைக் கீழே நிறுத்தியே மேலேறுகின்றான். ஒரு மேசையில் இருப்போர்க்குள் உயர்வுதாழ்வைப் பரிசாக வைப்பின், வெளியே இருந்த பகை உள்ளே புகும். வாள் நீங்கினும் போர் நீங்காது.

கல்முனை தொடங்கித் தெற்கே கோமாரி, பொத்துவில் வரை நீளும் கீழைக்கரை இவ்வுண்மையை நன்கு அறியும். அங்குத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் தாய்வழி வரும் குடிமுறை உண்டு. குடிகளின் சார்பிற் கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் பொறுப்பேற்றல் மரபு. கோயில் திருவிழாவில் இன்ன நாளுக்குரிய செலவும் பணியும் இன்ன குடிக்கு உரியன எனும் வழக்கால், அங்கு வரிசை என்பது கடமையின் மறுபெயராக நின்றது. கடமையை மறந்து முன்மரியாதையை மட்டும் நாடியவிடத்து அதே வரிசை பூசலாயிற்று.

அக்கரையோரத்துக் கண்ணகி வழிபாட்டோடு இயைந்த கொம்பு விளையாட்டு இதற்கு ஒரு தீர்வும் காட்டுகின்றது. வி. சீ. கந்தையா 1964 இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போற்றிய பழமரபுகளுள் அதுவும் ஒன்று. ஊரார் கோவலன் பக்கமாகிய வடசேரியென்றும் கண்ணகி பக்கமாகிய தென்சேரியென்றும் பிரிந்து, இரு மரக்கொம்புகளைக் கொளுவிக் கயிறிட்டு இழுப்பர். கொம்பு முறிந்த சேரி தோற்றதாகும். வென்றோர் தோற்றோரை நகைத்துப் பாடுதலும் உண்டு. ஆயின் ஆட்டத்தின் நோக்கம் அம்மனைக் குளிர்வித்து மழை பெறுதலும் நோய் நீக்குதலுமாம். மழை வென்ற சேரியின் வயலில் மட்டும் பெய்வதில்லை. போட்டியின் பெருமை ஒரு பக்கத்துக்கு. பயனோ ஊர் முழுமைக்கும்.

எனவே, மேசைக் கதையாட்டங்களிற் கொலைக்குரிய புள்ளியை மதிப்புக்குரிய புள்ளியாக மாற்றுதல் மட்டும் சீர்திருத்தமாகாது. பெறும் உயர்வு ஒவ்வொன்றும் ஒரு பொறுப்பைச் சுமத்துதல் வேண்டும். அதன் பயன் உடனாடுவோர் அனைவரையும் சாருதல் வேண்டும். ஊர்த்தலைவனான பாத்திரம் பஞ்சக் காலத்தில் களஞ்சியத்தைத் திறக்கக் கடவது என்று விதிக்கும் ஆட்டம், அவனுக்கு நூறு புள்ளி வழங்கும் ஆட்டத்தினும் மேலானது. வாகை அகன்ற பொருளதாகவும் வரிசை கடமையோடு கூடியதாகவும் அமையுமாயின், விளையாட்டு வாழ்க்கைக்கு நல்ல பயிற்சியாதல் ஒருதலை.