கேட்கத் தெரிந்த நடிகர்: ரி. எஸ். பாலையாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

நமது இதழ்களில் தமிழ்ச் சினிமா குறித்து எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகைப்பட்டவை. ஒன்று, அது முழுவதும் குப்பை என்று ஒதுக்கிவிட்டு ராயிடமும் பேர்க்மனிடமும் போய்விடுவது. மற்றது, எம்.ஜி.ஆர்., சிவாஜி போன்ற நாயகர்களின் பிம்பம் எவ்வாறு அரசியலாக மாறியது என்று ஆராய்வது. இரண்டாவது வகை எழுத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் நாயக வழிபாட்டைக் கேள்விக்குட்படுத்தப் புறப்பட்ட நாமே நாயகர்களைத் தவிர வேறெவரையும் பார்ப்பதில்லை என்பது விசித்திரமானது. இங்கு நான் எழுத விரும்புவது நாயகனுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரைப் பற்றி. 'பாலையாவுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று கேட்ட நண்பருக்கான பதிலாகவும் இதனைக் கொள்ளலாம்.

எண்பதுகளின் இறுதியில் பொபினியில் ஓர் அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் லா சப்பலில் வீடியோக் கொப்பி வாடகைக்கு எடுத்து, கார் து நோரில் 5ம் இலக்க மெற்றோ பிடித்து வருவோம். எங்களில் வயதில் மூத்தவர் ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர். இங்கே ஒரு றெஸ்ரோறன்ரில் கிழங்கு உரித்தார். தன் பாடசாலையைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது. எங்கள் எல்லோருக்குமே 'ஊரில் நாங்கள்' என்று தொடங்கும் ஒரு கதை இருந்தது. ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதில்லை, தன் முறைக்காகக் காத்திருப்பார். அந்த அதிபர் மாஸ்ரர் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கச் சொன்னது 'திருவிளையாடல்' (1965) படத்தில் ஹேமநாத பாகவதர் வரும் பகுதியை.

கதை நாம் அறிந்ததுதான். பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் விறகு விற்ற படலமாக, நம்மில் பலர் கோயிற் புராணபடனத்தில் கேட்டது. பாண்டியன் சபைக்கு வரும் வெளியூர் வித்துவான் ஒருவர் தன்னை வெல்ல இங்கு யாருமில்லை என்கிறார். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் பாலையா பாடும் அந்த ராகமாலிகையில் அவரது கழுத்தும் கண்ணும் கையும் செய்பவற்றைக் கவனியுங்கள். அது வெறும் திமிர் அல்ல. தனக்கு உண்மையிலேயே வித்தை உண்டு என்று தெரிந்தவனின் திமிர். அன்றிரவு விறகுவெட்டியாக வந்த சிவன் அவரது திண்ணையில் இருந்து பாடுகிறார். பாகவதர் எழுந்து வந்து கேட்கிறார். பாடியவன் பாணபத்திரர் சீடனாக ஏற்க மறுத்த ஒருவன் என்று அறிகிறார். இரவோடிரவாக ஊரைவிட்டுப் போகிறார்.

இங்கு தோல்வியை அறிவிக்க நடுவர் எவரும் இல்லை. சபை இல்லை, அரசன் இல்லை. பாகவதர் தன் காதாலேயே தன்னைத் தீர்ப்பிடுகிறார். உண்மையான இசைஞன் அல்லாத ஒருவனுக்குத் தான் தோற்றது தெரிந்திருக்காது; மறுநாள் காலை சபைக்குப் போயிருப்பான். படத்தின் கதை கடவுளின் வெற்றியைச் சொல்கிறது. பாண்டியனின் மானத்தைக் காப்பாற்றுகிறது. உள்ளூர்ப் பெருமையை வெளியூரானுக்கு எதிராக நிறுத்துகிறது. பாலையாவின் முகமோ வேறொன்றைச் சொல்கிறது. அந்த இடத்தில் மாஸ்ரர் பேசாமல் இருப்பார். அவர் எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆங்கிலச் சினிமாவில் இதற்கு நெருங்கிய ஓர் இடம் உண்டு. அது படமாக்கப்பட்டது நமது நாட்டில்தான். கித்துல்கலையில் களனி ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டி எடுக்கப்பட்ட 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) படத்தில் அலெக் கின்னஸ் ஏற்ற கேணல் நிக்கல்சன் பாத்திரத்தைச் சொல்கிறேன். யுத்தக் கைதியாக இருந்துகொண்டே எதிரிக்காகச் சிறந்த பாலமொன்றைக் கட்டி, அந்தப் பெருமையிலேயே அறிவிழந்துபோகும் ஓர் அதிகாரி. கடைசிக் கணத்தில் தான் செய்தது என்னவென்று அந்த முகத்துக்குப் புரிகிறது. அதற்காகக் கின்னஸுக்கு ஒஸ்கார் கிடைத்தது. 1959ல் 'சேர்' பட்டமும் வந்தது. இங்கிலாந்து தன் குணச்சித்திர நடிகர்களைப் பற்றி நூல்கள் எழுதிக் குவித்திருக்கிறது. நமது விமர்சனம் பாலையாவை ஒரு வசனத்தில் கடந்துவிடுகிறது.

பாலையா 1914ல் பிறந்து நாடக மேடையிலிருந்து வந்தவர். முதற் படம் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி' (1936). எம்.ஜி.ஆரும் என்.எஸ். கிருஷ்ணனும் அறிமுகமானதும் அதில்தான். பாலையா ஏற்றது நண்பனைக் குடிக்குப் பழக்கிக் கெடுக்கும் ராமநாதன் என்ற பாத்திரம். கெட்டுப்போன கதாநாயகன், கொலை செய்துவிட்டதாக அஞ்சி, எங்கே ஓடுகிறான் தெரியுமா? இலங்கைக்கு. அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தமிழ்ச் சினிமாவின் தொடக்க காலத்திலேயே இலங்கை என்பது தப்பி ஓடி ஒளியும் இடம்! பின்னர் 'அம்பிகாபதி'யில் (1937) வில்லன் ருத்ரசேனன். அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) கதாநாயகனுக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணி. 1972ல் இறக்கும்வரை வில்லனாகவும் அப்பாவாகவும் வித்துவானாகவும் முப்பத்தாறு ஆண்டுகள். பாத்திரங்கள் மாறினாலும் ஒன்று மாறவில்லை என்பது என் அபிப்பிராயம். எதிரில் இருப்பவர் பேசும்போது பாலையா கேட்கிறார். தன் வசனத்துக்காகக் காத்திருப்பதில்லை.

ஶ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) இதற்குச் சிறந்த சான்று. படமெடுக்கப் பணம் கேட்கும் மகன் செல்லப்பா (நாகேஷ்) தந்தை விஸ்வநாதனுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை நாகேஷின் காட்சி என்றே எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கதை என்று அங்கே எதுவுமே இல்லை. கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும்தான். கேட்பவரின் முகத்தில்தான் அது கதையாகிறது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் நாகேஷ் வெறுமனே சத்தமிடுகிற ஒருவர்.

இதே படத்தை நான் விமர்சனமின்றி ஏற்கவில்லை. வேலைநீக்கப்பட்ட ஊழியன் முதலாளி வீட்டு வாசலில் கூடாரமடித்துப் போராடுவதில் தொடங்கும் கதை, அவன் பணக்கார வீட்டுப் பிள்ளையாக வேடமிட்டு மருமகனாவதில் முடிகிறது. நியாயம் கேட்டவனுக்குக் கிடைத்தது நியாயம் அல்ல, பெண். தோட்டத்தில் உழைப்பவர்கள் கதையில் எங்குமே இல்லை. 1948ல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதைப் பார்த்த நாட்டிலிருந்து வந்த நமக்கு இந்த இல்லாமை உறுத்தவேண்டும். இருந்தும், பணம் என்ற சொல் காதில் விழுந்ததும் விஸ்வநாதனின் உடல் குழைகிற விதத்தைப் பாருங்கள். இயக்குநர் நம்மைச் சிரிக்க மட்டுமே வைக்கிறார். முதலாளியின் மனதைத் திறந்து காட்டுவது நடிகர்.

'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) அவர் தவில்காரர் முத்துராக்கு. அளவெட்டி தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட சமூகத்துக்குப் பக்கவாத்தியம் என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. நாதஸ்வரக்காரனின் மூச்சு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே அறிந்தவன் தவில்காரன். சிவாஜியின் சண்முகசுந்தரம் கோபத்தில் கொதிக்கும்போதெல்லாம் பக்கத்தில் முத்துராக்குவின் கண்கள் தாளம் பிடித்தபடி இருக்கின்றன.

நண்பரின் வாதம் இன்னொன்றும் உண்டு. இதெல்லாம் நடிப்புத் திறன் பற்றிய ரசனைக் குறிப்பு, அரசியல் அல்ல என்பார். நான் உடன்படவில்லை. ஒருமுறை ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, மொழிபெயர்ப்பாளர் ஊடாக, நான் நாட்டைவிட்டு வந்த கதையைச் சொன்னேன். எதிரில் இருந்த முகத்தில் எதுவும் அசையவில்லை. கேட்கப்படாமல் இருப்பது என்னவென்று அன்று தெரிந்துகொண்டேன். நம்மில் பலருக்கும் இது தெரியும். தெரிந்த பின்னும் நாம் நமது கூட்டங்களில், இலக்கியச் சந்திப்புகளில், இதே பக்கங்களில் நடக்கும் விவாதங்களில் என்ன செய்கிறோம்? எதிராளி பேசும்போது நமது பதிலைத் தயாரிக்கிறோம். எத்தனை ஆண்டு விவாதித்தோம்! 'நீங்கள் சொன்னதைக் கேட்டேன், நான் தோற்றேன்' என்று ஒருவராவது எழுதிய கடிதம் பிரசுரமானதாக எனக்கு நினைவில்லை. நானும் எழுதியதில்லை.

நாயகர்களைக் கட்டுடைப்பது அவசியம், தொடருவோம். அதனுடன் கூடவே, தன் திண்ணையில் நின்று இன்னொருவன் பாடுவதைக் கேட்ட அந்த மனிதரையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மாஸ்ரர் இப்போது இல்லை. அந்தக் கொப்பியைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தோமா என்பதும் ஞாபகமில்லை. மாறுபட்ட கருத்துடையவர்கள் எழுதுங்கள், இம்முறை முழுவதையும் வாசித்த பின்னரே பதில் எழுதுவேன்.